முழு உணவில் கொழுப்பை எப்படி அளப்பது? பத்தாங் பெர்ஜுந்தை அக்காவுக்கு ஒரு பதில்

அக்காவுக்கு வணக்கம்.

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போதைய பெஸ்தாரி ஜெயா) இருக்கிறீர்கள். வீட்டில் நான்கு பேர். அரசாங்கக் கிளினிக்கில் உங்கள் கணவருக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்று சொன்ன நாளிலிருந்து பிஸ்கட், பாக்கெட் நூடல்ஸ், டின் இறைச்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டீர்கள். எட்டு மாதமாகத் தேங்காய், நிலக்கடலை, எள், முட்டை, மீன், அவகாடோ, கீரை என்று முழு உணவாகவே சமைக்கிறீர்கள். ஆனாலும் உங்களுக்கு 4 கிலோ எடை ஏறிவிட்டது. அவருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கவில்லை. "நல்ல கொழுப்பைத்தானே சாப்பிடுகிறோம்? பாக்கெட்டில் அளவு எழுதியிருக்கும், தேங்காயில் எழுதியிருக்காதே, எதை வைத்து அளப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். மருத்துவமனையில் உணவியல் நிபுணராக வேலைக்குச் சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. உங்கள் எழுத்தில் ஒரு சோர்வு தெரிகிறது. அதை முதலில் போக்கிவிடுகிறேன். நீங்கள் பட்ட பாடு வீண்போகவில்லை. பிஸ்கட்டோடும் நூடல்ஸோடும் வெளியேறிய உப்பும் சீனியும் மறுபடி வீட்டுக்குள் வர வேண்டாம். நீங்கள் வாங்கும் பொருளில் குறையே இல்லை. அது அடுப்படிக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு தேங்காயை உடைத்து, ஒரு பத்தையைக் கீறி எடுத்துக் கடித்துத் தின்று பாருங்கள். மென்று முடிப்பதற்குள் தாடை அலுத்துவிடும். இரண்டு பத்தைக்கு மேல் யாருக்கும் இறங்காது. 30 கிராம் எடையுள்ள பத்தையில் கொழுப்பு சுமார் 10 கிராம். கூடவே நார்ச்சத்தும் இருக்கிறது. இப்போது அதே தேங்காயைத் துருவி, வெந்நீர் தெளித்துப் பிழியுங்கள். சக்கை கோழிக்குப் போகிறது, பால் குழம்புச் சட்டிக்குப் போகிறது. சக்கையோடு நாரும் போய்விட்டது, மெல்லும் வேலையும் போய்விட்டது. நடுத்தரத் தேங்காய் ஒன்றில் சதை மட்டும் 400 கிராம் வரை தேறும். அதில் கொழுப்பு 130 கிராம். பிழியும்போது அதில் ஒரு பகுதி சக்கையிலேயே தங்கினாலும் பெரும்பங்கு பாலில் இறங்கிவிடும். பத்தையாக ஒரு நாள் முழுதும் உட்கார்ந்து தின்றாலும் முடிக்க முடியாத தேங்காயை, பாலாக்கிக் குழம்பில் ஊற்றினால் இரண்டு பேர் ஒரு மத்தியானத்தில் முடித்துவிடுகிறார்கள்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்தத் தேங்காயிலேயே இருக்கிறது. உணவு தன் சொந்த உருவில் இருக்கும்வரை அதுவே நம்மை நிறுத்தும். பிழிந்ததையும் அரைத்ததையும் உருக்கியதையும் பொரித்ததையும் நாம்தான் அளந்து நிறுத்த வேண்டும். நீங்கள் எட்டு மாதமாக முழு உணவை வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் சாப்பிட்டதில் பாதிக்கு மேல் பிழிந்ததும் பொரித்ததும் என்று நீங்கள் எழுதிய சாப்பாட்டுப் பட்டியலைப் பார்த்தாலே தெரிகிறது.

இதற்கு அறிவியல் பக்கமும் உண்டு. பருப்பு, கொட்டை வகைகளில் கொழுப்பு சும்மா மிதப்பதில்லை. கெட்டியான உயிரணுச் சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. நாம் மெல்லும்போது உடையாத அறைகளில் உள்ள கொழுப்பு குடலில் கரையாமல் அப்படியே வெளியேறிவிடும். அமெரிக்க வேளாண்மைத் துறை ஆய்வாளர்கள் 2012-இல் பாதாம் பருப்பை வைத்து இதை அளந்தார்கள். 28 கிராம் பாதாமில் 170 கலோரி இருப்பதாகக் கணக்கு சொல்கிறது. சாப்பிட்டவர்களின் உடலுக்குப் போய்ச் சேர்ந்ததோ 129 கலோரி. எண்ணெய்க்கு அப்படி எந்தச் சுவரும் இல்லை. ஊற்றிய ஒவ்வொரு துளியும் உடம்பில் சேரும்.

இனி எண்களுக்கு வருவோம். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4. மலேசியாவில் பெரியவர்களுக்குச் சொல்லப்படும் அளவு, ஒரு நாளைய கலோரியில் 25 முதல் 30 விழுக்காடு கொழுப்பிலிருந்து வரலாம் என்பது. உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டியும் 30-ஐத் தாண்ட வேண்டாம் என்றே சொல்கிறது. அதற்குள் நிறைவுற்ற கொழுப்பு (நெய், தேங்காய் எண்ணெய்போல் குளிர்ந்தால் உறையும், கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் வகை) 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு வயது 52, கையுறைத் தொழிற்சாலையில் உட்கார்ந்து தரம் பார்க்கும் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு 1,800 கலோரி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மொத்தக் கொழுப்பு 50 முதல் 60 கிராம். அதில் நிறைவுற்றது 20 கிராமுக்குள். இந்த இரண்டு எண்களை மட்டும் குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்: 60, 20.

இப்போது நீங்கள் எழுதியிருந்த ஒரு நாள் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன். காலையில் இரண்டு தோசை, சுற்றி இரண்டு சிறு கரண்டி (ஒன்று 5 மில்லி) எண்ணெய்: 9 கிராம். தேங்காய்ச் சட்னியும் தாளிப்பும் இன்னொரு 9. பத்து மணிக்கு இரண்டு கைப்பிடி வறுத்த கடலை: 30. மத்தியானம் கெம்போங் மீன் குழம்பு; அதில் உங்கள் பங்குக்குக் கெட்டிப் பால் 100 மில்லி, அதுவே 24. தாளித்த எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, கிட்டத்தட்ட 14. மீனில் 5, தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்) போட்டு வதக்கிய கீரையில் 8. மத்தியானச் சாப்பாடு மட்டும் 50-ஐத் தாண்டிவிட்டது. சாயங்காலம் பாதி அவகாடோ 15. இரவு நெய் தடவிய சப்பாத்தி, இரண்டு முட்டை ஆம்லெட், சேர்த்து 20. மொத்தம் 134 கிராம், ஏறக்குறைய 1,200 கலோரி. சோற்றையும் சப்பாத்தியையும் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. இந்தப் பட்டியலில் கெட்ட உணவு என்று ஒன்றையாவது சுட்ட முடியுமா? முடியாது. ஒவ்வொன்றும் நல்லதுதான். எல்லா நல்லதும் ஒரே நாளில் வந்து உட்கார்ந்துகொண்டதுதான் தொல்லை.

எதில் கை வைப்பது என்று பார்க்க, ஒரே அளவுக் கரண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 15 மில்லி மேசைக்கரண்டி. அதில் எண்ணெய் எடுத்தால் கொழுப்பு 13 கிராமுக்கு மேல். அதே கரண்டியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிழிந்த கெட்டித் தேங்காய்ப்பால் எடுத்தால் மூன்றரை கிராம். தேங்காய்ப்பூவை அமுக்காமல் அள்ளினால் ஒன்றே முக்கால். எள் என்றால் நாலரை. நம் சமையலில் நாம் கண்ணால் மதிப்பிடுவது கரண்டியின் கொள்ளளவைத்தான். அதற்குள் இருக்கும் சரக்கு எட்டு மடங்கு வரை மாறுகிறது. அதனால்தான் தேங்காய்ப்பூவைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் எண்ணெயைச் சாதாரணமாக ஊற்றிவிடுகிறார்கள்.

உங்களிடம் மேசைக்கரண்டி அளவு இல்லாமல் இருக்கலாம். பெரும்பாலான வீடுகளில் இல்லை, குழிக்கரண்டிதான் இருக்கிறது. பிள்ளைகளின் காய்ச்சல் மருந்தோடு வந்த 5 மில்லி பிளாஸ்டிக் கரண்டி எங்காவது டப்பாவில் கிடக்கும், தேடி எடுங்கள். தாளிக்கப் பயன்படுத்தும் குழிக்கரண்டியை ஏனத்தின் மேல் நிமிர்த்திப் பிடித்து, அந்த மருந்துக் கரண்டியால் தண்ணீர் ஊற்றி எண்ணுங்கள். என் அம்மாவின் குழிக்கரண்டியை இப்படி அளந்தேன். நான்கு, ஐந்து என்று எண்ணும்போது அம்மா அடுப்பருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது கரண்டியில்தான் விளிம்பு ததும்பியது. 45 மில்லி, எண்ணெயாக இருந்தால் 41 கிராம். "ஒரு கரண்டிதானே ஊற்றுகிறேன்" என்று முப்பது ஆண்டாக அவர் சொல்லிவந்தது பொய்யில்லை. அந்த ஒரு கரண்டியின் வயிறு எவ்வளவு பெரியது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அன்று முதல் அந்தக் கரண்டி சாம்பாருக்கு. எண்ணெய்க்கு மருந்துக் கரண்டிதான்.

அம்மாவின் தலைமுறையை நான் குறை சொல்ல மாட்டேன். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, நானூறு ஐந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டி, வாளி தூக்கி நடந்த உடம்பு அது. அந்த உடம்புக்கு எண்ணெயும் தேங்காயும் எவ்வளவு போட்டாலும் எரிந்துபோகும். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுச் சமையல் அந்த உழைப்புக்கு ஏற்றதாக அமைந்தது. லயத்தை விட்டு டவுனுக்கு வந்தோம், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறோம். குழிக்கரண்டி மட்டும் மாறாமல் கூடவே வந்துவிட்டது.

அடுத்தது மாதக் கணக்கு. எனக்கு மிகவும் நம்பிக்கையான அளவுகோல் இதுதான். ஒவ்வொரு வேளையும் கரண்டி பிடித்து அளக்க உங்களுக்குப் பொறுமை இருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மானிய விலையில் 2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசுக்குக் கிடைக்கும் 1 கிலோ செம்பனை எண்ணெய் பாக்கெட் மாதம் ஐந்து ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 5,000 கிராம், நான்கு பேர், முப்பது நாள். வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 42 கிராம். பொரித்த பிறகு கொட்டிய எண்ணெயைக் கழித்தாலும் 35-க்குக் குறையாது. 60 கிராமில் 35-ஐ எண்ணெயே எடுத்துக்கொண்டால், கடலைக்கும் மீனுக்கும் முட்டைக்கும் தேங்காய்க்கும் மிஞ்சுவது 25 கிராம்தான். நல்ல கொழுப்பு உட்கார இடமே இல்லை. மாதம் இரண்டு பாக்கெட்டுக்கு இறக்கினால் ஆளுக்கு 17 கிராம் வரும். மூன்று பாக்கெட் என்றால் 25. முதல் இரண்டு மாதம் மூன்றில் நில்லுங்கள், பிறகு இரண்டுக்கு வாருங்கள். பாக்கெட்டைக் கத்தரிக்கும்போது பேனாவால் தேதி எழுதி வையுங்கள். வேறு எந்தக் குறிப்பேடும் வேண்டாம்.

எண்ணெய் குறைந்தால் சுவை போய்விடும் என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். வெங்காயத்தை ஊறப் போட்டதுபோல் எண்ணெயில் மிதக்கவிடாமல், ஒரு சிறு கரண்டியில் வதக்கத் தொடங்கி, அடிப்பிடிக்கும்போது தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள்; நன்றாகவே வதங்கும். தாளிப்பைச் சமையலின் கடைசியில் ஒரு சிறு கரண்டியில் செய்து மேலே கொட்டினால், அந்த ஒரு கரண்டி மூன்று கரண்டியின் மணத்தைத் தரும். கத்தரிக்காய் மட்டும் கொஞ்சம் துரோகி. எவ்வளவு ஊற்றினாலும் உறிஞ்சும். அதைச் சுட்டோ அவித்தோ எடுத்துக்கொண்டு தாளிப்பில் புரட்டுவதே நல்லது.

தேங்காய்ப்பாலுக்கு வருகிறேன், ஏனென்றால் நம் ஊரில் யாரும் இதை விடப்போவதில்லை. விடச் சொல்லவும் எனக்கு மனமில்லை. தேங்காய்க் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது. உங்கள் மத்தியானக் குழம்பின் 100 மில்லி கெட்டிப் பாலிலேயே நிறைவுற்ற கொழுப்பு 21 கிராம் வந்துவிடுகிறது. நாளின் 20 அங்கேயே முடிந்தது. தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு அருமருந்து என்று கைப்பேசியில் வரும் செய்திகளை நம்பாதீர்கள். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றவே செய்கிறது. நல்ல கொலஸ்ட்ராலும் சேர்ந்து ஏறுகிறது என்பது உண்மை; அது கெட்டதை ஈடுகட்டிவிடும் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே பாலை ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டிக் கெட்டிப் பால், அதாவது 7 கிராம் கொழுப்பு என்று நிறுத்துங்கள். குழம்பைப் புளியிலும் தக்காளியிலும் அரைத்த வெங்காயத்திலும் கெட்டிப்படுத்தி, இறக்கும்போது கடைசியாக அந்தப் பாலை ஊற்றுங்கள். கொதிக்கவிட்ட பாலைவிடக் கடைசியில் ஊற்றிய பால் நாக்குக்கு நன்றாகத் தெரியும். பெட்டியில் வரும் சந்தான் (தேங்காய்ப்பால்) வாங்கினால் பின்பக்கம் கொழுப்பு எத்தனை என்று பாருங்கள். ஒவ்வொரு தயாரிப்பும் ஒவ்வொரு கெட்டி.

நம் கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் ஒரு வழி உண்டு. மிஞ்சிய குழம்பை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். தேங்காய்க் கொழுப்பு 24 பாகையை ஒட்டி உருகுவது. நம் வெயிலில் அது எப்போதும் எண்ணெயாகவே ஓடுவதால் நமக்குத் தெரிவதில்லை. மறுநாள் காலையில் கிண்ணத்தைத் திறந்தால் மேலே வெள்ளையாக ஒரு மூடி உறைந்திருக்கும். கரண்டியின் முனையால் தட்டினால் சில்லாகப் பெயரும். ஆட்டுக்கறிக் குழம்பென்றால் அந்த மூடி இன்னும் தடிப்பாக, மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். ஒரு வாரம் மீந்த குழம்புகளை இப்படிப் பாருங்கள். பெயர்த்து எடுத்துப் போட்டுவிட்டுச் சூடாக்கினால் காரமும் மணமும் எங்கும் போகவில்லை என்பதும் தெரியும்.

செம்பனை எண்ணெயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் நம் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே தொடங்கியது. தென்னமரம் என்ற தமிழ்ப் பெயர் கொண்ட தோட்டத்தில் செம்பனை வேரூன்றியதை நினைத்தால் எனக்கு இன்றும் ஒரு சிலிர்ப்பு. எங்கள் வீட்டில் உலை கொதித்ததே அந்தப் பழக் குலையால்தான். அதனால் அதை விஷம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதே நேரத்தில், அதில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதை மறைக்கவும் மாட்டேன். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் முறையே ஆறில் ஒரு பங்கு, ஏழில் ஒரு பங்கு அளவுக்குத்தான். பழத்தின் சதையிலிருந்து வரும் செம்பனை எண்ணெய் வேறு, உள்ளே இருக்கும் கொட்டையிலிருந்து வரும் எண்ணெய் வேறு. கொட்டை எண்ணெய் தேங்காய் எண்ணெயைப் போலவே பெரும்பாலும் நிறைவுற்றது. உங்கள் வீட்டில் இரண்டும் கூடிவிடுகின்றன: தேங்காய்ப்பாலும் செம்பனை எண்ணெயும் ஒரே சட்டியில். கணவரின் கெட்ட கொலஸ்ட்ரால் அசையாமல் நிற்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். தேங்காய்ப்பால் ஊற்றும் குழம்புக்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ ஒரு சிறு கரண்டி. செம்பனை எண்ணெய் தேங்காய் இல்லாத பொரியலுக்கு. விலை கூடுதல்தான். ஆனால் மூன்று பாக்கெட்டை மிச்சம் பிடித்த காசில் ஒரு சிறு போத்தலில் பாதியாவது தேறும்.

கடலையைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். இரவுச் சந்தையில் நாம் "கச்சாங்" (மலாயில் கடலை, பயறு எல்லாம்) என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் வாங்குகிறோம், அங்கேதான் குழப்பம். ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தேக்கு (கடலை, முறுக்கு வகைகளுக்கு) பேர்போன கம்பம், அதாவது கிராமம், இருக்கிறது அல்லவா, அங்கிருந்து வரும் வகைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவித்த கொண்டைக்கடலை 100 கிராமில் கொழுப்பு மூன்று கிராமுக்கும் குறைவு. நிலக்கடலை 100 கிராமில் 49. ஒரே கடை, ஒரே காகிதக் கூம்பு, பதினாறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். அவித்த கொண்டைக்கடலையை வயிறு நிறையச் சாப்பிடுங்கள். நிலக்கடலை ஒரு கைப்பிடி. உள்ளங்கையைக் குழித்து, விரல்களை மடக்கி மூடும் அளவு, சுமார் 30 கிராம். கொழுப்பு 15. முந்திரியும் பாதாமும் அதே கைப்பிடிதான். எண்ணெயில் பொரித்து உப்புத் தூவியது வேண்டாம். என்னால் முடிந்தவரை எல்லோருக்கும் சொல்வது, தோலோடு அவித்த நிலக்கடலையை வாங்குங்கள். ஒவ்வொன்றாக உரித்துத் தின்ன வேண்டும், மேசையில் தோல் குவியும், எவ்வளவு தின்றோம் என்று அந்தக் குவியல் சொல்லும். அவித்ததில் தண்ணீர் ஏறியிருப்பதால் அதே எடைக்குக் கொழுப்பும் பாதிதான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முட்டையில் 5 கிராம், எல்லாம் மஞ்சள் கருவில். உங்களுக்கு நாளைக்கு ஒன்று போதும், ஆம்லெட்டுக்குப் பதில் அவித்தது. அவகாடோ சந்தையில் பெரிது பெரிதாக வருகிறது; கால் பழம் போதும், அதுவும் கடலை சாப்பிடாத நாளில். கண்டென்ஸ்ட் பால் ஊற்றி அடித்த அவகாடோ சாற்றைப் பழக் கணக்கில் சேர்க்காதீர்கள். கோழியைத் தோல் உரித்துச் சமையுங்கள். பாதி வேலை முடிந்தது. மீனில் இருக்கும் கொழுப்பைக் குறைக்கவே வேண்டாம். கெம்போங்கும் மத்தியும் நெத்திலியும் ஒமேகா-3 தருபவை. அவற்றைப் பொரிக்காமல் குழம்பிலோ ஆவியிலோ வேகவையுங்கள். நெய் என்றால் கட்டை விரல் நுனி அளவு, வாரத்தில் இரண்டு மூன்று நாள்.

இதைப் படித்துவிட்டு எண்ணெயே இல்லாமல் சமைக்கத் தொடங்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன்; இரண்டு வாரத்தில் தோல் வறண்டு, பசி தீராமல், மூன்றாவது வாரம் ரொட்டி சானாய் (பரோட்டா) கடையில் உட்கார்ந்திருப்பார்கள். முருங்கைக்கீரையிலும் பூசணியிலும் உள்ள வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். வைட்டமின் டி, ஈ, கே மூன்றும் அப்படியே. உடம்பால் தானே செய்துகொள்ள முடியாத கொழுப்பு அமிலங்களும் உண்டு. கீரைக்கு ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவும் அரைச் சிறு கரண்டி எண்ணெயும் தாராளமாகப் போதும். நம் பாட்டிமார் கீரைமேல் தேங்காய்ப்பூ தூவியது சரியான சமையல்.

அப்படியானால் உங்கள் அதே நாள் எப்படி இருக்கும்? காலையில் இரண்டு தோசைக்கும் சேர்த்து ஒரு சிறு கரண்டி எண்ணெய், சட்னியில் பாதித் தேங்காய் பாதிப் பொட்டுக்கடலை: சேர்த்து 10 கிராமுக்குள். பத்து மணிக்கு ஒரே ஒரு கைப்பிடி கடலை 15. மத்தியானம் இரண்டு மேசைக்கரண்டிப் பால், ஒரு சிறு கரண்டி எண்ணெய், மீன், கீரை எல்லாம் சேர்ந்து 20. இரவு நெய் இல்லாத சப்பாத்தி, ஒரு முட்டை, வதக்கிய காய்: 10. மொத்தம் 55. தோசை இருக்கிறது, சட்னி இருக்கிறது, மீன் குழம்பில் தேங்காய்ப்பால் இருக்கிறது, கடலையும் இருக்கிறது. கணக்கில்லாமல் வந்துகொண்டிருந்த 79 கிராம் மட்டும் இல்லை. தட்டை நிரப்பச் சுகாதார அமைச்சு சொல்லும் கால், கால், அரை முறையையே பிடித்துக்கொள்ளுங்கள்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, அரைத் தட்டு காயும் பழமும். அந்தத் தட்டில் கொழுப்புக்குத் தனி இடம் காட்டப்படவில்லை என்று பலர் கேட்கிறார்கள். அது நான்கு மூலையிலும் ஒளிந்திருக்கிறது; எனவே நான் சொல்லும் துணை விதி, ஒரு வேளைக்குப் பிழிந்ததோ பொரித்ததோ ஒன்று மட்டும். குழம்பில் தேங்காய்ப்பால் என்றால் அன்றைக்கு அப்பளம் சுட்டது. வடை உண்டென்றால் குழம்பு புளிக்குழம்பு.

நாசி லெமாக்கை இந்த விதியில் வைத்துப் பாருங்கள். சோற்றில் தேங்காய்ப்பால், பொரித்த நெத்திலி, பொரித்த கடலை, எண்ணெய் மிதக்கும் சம்பல், சில வேளை பொரித்த கோழி. ஒரே பொட்டலத்தில் நான்கு ஐந்து. வாரம் ஒரு முறை ஆசைக்குச் சாப்பிடுங்கள். அன்று மத்தியானம் ரசமும் அவித்த மீனும் வைத்துக்கொள்ளுங்கள். தே தாரிக்கை (இழுத்து ஆற்றிய பால் தேநீரை) பற்றி ஒன்று: ஒட்டுக்கடைகளில் ஊற்றும் இனிப்புக் கிரீமர் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் பால் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் இருக்கும். சீனியைக் கணக்குப் பார்த்தே நாம் அதைக் குறைக்கச் சொல்கிறோம். எண்ணெயும் அதற்குள் இருக்கிறது.

உங்கள் கணவரைப் பற்றி இரண்டு வார்த்தை. மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால் சாப்பாட்டை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள். சிலருக்குப் பரம்பரையாகவே கொலஸ்ட்ரால் கூடியிருக்கும்; அவர்களுக்குத் தட்டு மட்டும் போதாது. அவருடைய அப்பா, பெரியப்பா, சித்தப்பா யாருக்காவது ஐம்பது வயதுக்குள் நெஞ்சுவலி வந்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பித்தப்பைக் கல் இருப்பவர்கள் கொழுப்பின் அளவை மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும். அடுத்த இரத்தப் பரிசோதனையில் மொத்த எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், கெட்டது (எல்டிஎல்), நல்லது (எச்டிஎல்), டிரைகிளிசரைடு (இரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பு) மூன்றையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். டிரைகிளிசரைடு கூடியிருந்தால் நான் சோற்றையும் சீனியையும் பற்றித்தான் முதலில் பேசுவேன். அது வேறொரு பதில்.

இந்த வாரம் மருந்துக் கரண்டியைத் தேடி எடுத்துக் குழிக்கரண்டியை அளந்துவிடுங்கள். அடுத்த எண்ணெய் பாக்கெட்டைத் திறக்கும் தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அவருடைய பரிசோதனை முடிவும், அந்த மூன்று மாதத்தில் எத்தனை பாக்கெட் முடிந்தது என்ற எண்ணும் எனக்கு எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு எதைத் தொடலாம் என்று பார்ப்போம்.